மூன்று மஞ்சள் புள்ளிகள்

எட்டு மணிக்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். பன்னிரண்டுக்கு முன்னால் திரும்பக் கூடாது. நடுவில் போன் பண்ணி 'குடித்தாளா?' என்று கேட்கவும் கூடாது.

வியாழக்கிழமைச் சண்டையின் முடிவில் ஆன்சன் போட்ட நிபந்தனைகள் இவை. பிரிஸில்லாவின் பிரசவ விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். ஐந்து மாதக் குழந்தையோ இதுவரை பாட்டிலை ஒழுங்காக வாயில் வாங்கியதில்லை. வேலைக்குப் போவதா, வேலையை விடுவதா என்று இருவரும் கத்தி ஓய்ந்த பிறகு அவன் மென்மையாகப் பேசினான். அவன் கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். மென்மையாகப் பேசினால் அவளுக்குப் போக்கிடமே இருக்காது.

"நாம எதுக்கு அடிபிடி கூடணும்? சனிக்கிழமை பாத்திருவோம். நீ வெளிய போ. அம்மா பாட்டில் குடுக்கட்டும். கொச்சு குடிச்சா நீ திங்கக்கிழமை வேலைக்குப் போ. குடிக்கல்லண்ணா வேலையை விட்டிரு. ஆப் பறையட்டும்."

அந்த வீட்டில் எதையும் ஏதாவது ஓர் ஆப்தான் சொல்லும். ஒரு மிக்ஸி வாங்க முந்நூறு பேருடைய பரிந்துரையைப் படிக்கிறவன் ஆன்சன். குழந்தை பிறப்பதற்கு முன்பே, பால் குடித்தது, தூங்கியது, துணி மாற்றியது எல்லாவற்றையும் பதிகிற ஆப்களில் நான்கைப் பொறுக்கி, வாங்கிப் பயன்படுத்தியவர்கள் எழுதியதை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதே சிரத்தையோடு தன் சைக்கிளுக்கு வழி சொல்லும் ஆப்பையும் தேர்ந்தெடுத்தான். ஒன்றுக்குப் பிள்ளை ஆப் என்று பெயர், மற்றதற்குச் சைக்கிள் ஆப். அவன், அவள், அவனுடைய அம்மா சுசீலாபாய் மூவருடைய போனிலும் இரண்டும் இருந்தன. பிரிஸில்லா என்ன செய்கிறாள் என்று பிள்ளை ஆப் காட்டும். ஆன்சன் எங்கே இருக்கிறான் என்று சைக்கிள் ஆப் காட்டும்.

சைக்கிள் ஆப்பில் ஒவ்வொருவரும் போன வழி கோடாக விழுந்து அழியாமல் கிடக்கும். ஆன்சனின் நீலக் கோடுகள் வர்க்கலைக்கும் கோவளத்துக்கும் நெடுமங்காட்டுக்கும் ஓடின. பிரிஸில்லாவுக்கும் அதில் ஒரு கோடு உண்டு. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி அவள் நடந்த கோடு. ஐந்து மாதமாக ஒரே இடத்தில் சுற்றியதில் அது கோடாகவே இல்லை. அவர்கள் குடியிருக்கிற கழக்கூட்டத்தின் மேல் யாரோ மை சிந்திவிட்டதைப் போல ஒரு கறை.

சனிக்கிழமை விடியுமுன்பே ஆன்சன் கிளம்பிவிட்டான். அவனுடைய சைக்கிள் குழு அன்று பொன்முடி மலை ஏறுகிறது. சோதனை நாளில் தானே வீட்டில் இல்லாதது அவனுக்கு விசித்திரமாகப் படவில்லை.

"நான் நிண்ணா கொச்சு என்னைப் பாத்துச் சிணுங்கும். அம்மாவுக்கு வெப்ராளம் வரும், கை ஓடாது. ரிசல்ட் செரியா வராது" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

எட்டு மணிக்குப் பிரிஸில்லா வாசலில் செருப்பை மாட்டியபோது, சுசீலாபாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது. பாறசாலையில் வீடு, ரப்பர், இரண்டு ஆடு, கணவர் தங்கப்பன். முதல் பிரசவத்தைப் பெண்ணின் அம்மா பார்ப்பதுதான் முறை. பிரிஸில்லாவின் அம்மா மஸ்கட்டில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. ஒரு மாதம் உதவிக்கு என்று ஒரே ஒரு பையோடு வந்த மாமியார் ஐந்து மாதமாக ஒன்பதாம் மாடியில் இருக்கிறார்.

"மாமி, பிரிட்ஜில மூணு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன். சூடு வெள்ளத்தில முக்கி வச்சு..."

"எனக்கு அறியலாம் பிள்ளே. ரெண்டு பெத்து வளத்தவளாக்கும் நான். நீ இறங்கு."

"அழுதா போன்ல விளிக்கக் கூடாதுண்ணு அத்தான் சொல்லியிருக்காரு."

"அவன் பறைவான். அவனுக்கென்ன."

பேசும்போது சுசீலாபாய் மருமகளைப் பார்க்கவில்லை. குழந்தையின் காலுறையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பவும் இல்லை. அந்தப் பெட்டியின் கதவு மூடுகிற சத்தமே அவருக்கு ஆகாது.

ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர்தான். சனிக்கிழமையானதால் மாடி முழுவதும் காலியாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்தது. அங்கே டீம் லீடர் ஸ்ரீப்ரியா டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்து அக்ரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். ஆபீஸில் எல்லோரிடமும் மலையாளம், பிரிஸில்லாவிடம் மட்டும் வீட்டுத் தமிழ்.

"வாடீ வா! மூஞ்சியைப் பாத்து அரை வருஷமாச்சு. எந்தாடீ இது, கண்ணுக்குக் கீழ கரி அப்பிண்டு வந்திருக்காய்?"

"தூக்கமில்லக்கா."

"இங்க வந்து தூங்கிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மொதல்ல கை பழகட்டும்னு உனக்கு ரெண்டு வேலை எடுத்து வச்சிருக்கேன். குழந்தை ஆப் ஒண்ணு, சைக்கிள்காராளுக்கு வழி சொல்ற ஆப் ஒண்ணு. ரெண்டும் உங்காத்துலயே இருக்குன்னு அன்னிக்குச் சொன்னியோன்னோ?"

"எங்க வீட்டில வேற எதுவும் இல்லக்கா."

ஸ்ரீப்ரியாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஒப்பிட்டுச் சொல்லுகிற இணையதளம் அது. பயன்படுத்தியவர்கள் எழுதி அனுப்பும் பரிந்துரைகளில் உள்ளதையும் பொய்யையும் பிரிப்பது பிரிஸில்லாவின் வேலை. நான்கு வரி படித்தால் போதும், எழுதியவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டிருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். ஐந்து மாதத்தில் அது போயிருக்குமோ என்று பயந்துதான் உட்கார்ந்தாள். போகவில்லை.

'ஒரு கையால் பதிய முடிகிற ஆப் வேண்டும். இன்னொரு கை எங்கே இருக்கும் என்று இதைச் செய்தவனுக்குத் தெரியுமா?' இது உள்ளது.

'மிக மிகப் பயனுள்ளது. எங்கள் குடும்பத்தில் அனைவரும் பயன்படுத்தி மகிழ்கிறோம்.' இது பொய்.

சைக்கிள்காரர்கள் வேறு ரகம். 'இந்த ஆப் காட்டிய வழியில் போய் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் யார் வீட்டு அடுக்களை வாசலிலோ நின்றேன். அவர்கள் காப்பி கொடுத்தார்கள். ஐந்து நட்சத்திரம்.' இதை யாரும் இட்டுக்கட்ட முடியாது.

படிக்கப் படிக்க அவளுக்கு ஒன்று தோன்றியது. வழி தவறியதைக்கூட இவர்கள் பெருமையாக எழுதுகிறார்கள். குழந்தை ஆப் பக்கத்துக்காரர்கள் எதையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதுகிறார்கள்.

நடுவில் ஒன்றைப் பார்த்ததும் கை நின்றது. சைக்கிள் ஆப்பைப் பற்றி நாலு பத்தி. பேட்டரி, மழை, மேடு, பள்ளம், பாலோடு என்ற ஊரில் ஒரு குறுக்குச் சாலை. கீழே ஆன்சனின் பெயர். அதே பெயரைக் குழந்தை ஆப் பக்கத்தில் தேடினாள். இருந்தது, இரண்டே வரி. 'மனைவி தினமும் பயன்படுத்துகிறாள். நல்ல ஆப்.'

உள்ளதா, பொய்யா என்று அவளால் எதிலும் சேர்க்க முடியவில்லை. அடுத்ததற்குப் போனாள்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது.

பிள்ளை ஆப். குழந்தை குடித்தால் பச்சைப் புள்ளி, மறுத்தால் மஞ்சள். ஒரு மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது. 'பாட்டில். மறுத்தாள். பதிந்தவர்: சுசீலாபாய்.'

உடம்பு அவளுக்கு முன்னால் பதில் சொன்னது. மார்பு கனத்து, உள்ளாடைக்குள் வைத்த துணி நனைந்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இப்போது அழுதுகொண்டிருப்பாள். கால்களை உதைத்து, முகம் சிவந்து, மூச்சை இழுத்து இழுத்து. இரண்டு கிலோமீட்டர்தான். எழுந்து ஓடினால் தோற்றுப்போனதாகிவிடும். உட்கார்ந்தே இருந்தால் பெற்றவளாகவே இல்லாததாகிவிடும்.

உட்கார்ந்தாள்.

சரியாக அரை மணி கழித்து இன்னொரு மஞ்சள். இன்னும் அரை மணி கழித்து இன்னொன்று.

மூன்றாவது விழுந்த கையோடு ஆன்சன் அழைத்தான். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தமும் கண்ணாடித் தம்ளர்களின் சத்தமும் கேட்டன. கல்லாற்றில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில், டீக்கடையில் நிற்கிறான்.

"பாத்தியா பிரிஸி? மூணும் மஞ்சள்."

"பாத்தேன்."

"நான் ஒண்ணும் பறையல்ல. ஆப்தான் பறையுது. நீ வீட்டுக்குப் போ, பன்னெண்டு வரைக்கும் கொச்சை அழ விடாண்டாம். ஆபீசுக்கு மெயிலை இண்ணைக்கே போட்டிரு. தள்ளிப் போட்டா நீ பின்னயும் யோசிப்ப."

"நிங்க வந்த பிறகு பேசலாமே அத்தான்."

"பேசிப் பேசித்தானே சண்டை வருது? கூட வந்த பிஜுவுக்க சைக்கிள் செயின் அறுந்துபோச்சு, அதான் இஞ்ச நிக்கோம். கொஞ்ச நேரத்தில ஏறிருவோம், மேல ரேஞ்ச் கிடையாது. மெயில் போட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. செரியா?"

அவன் குரல் மென்மையாகத்தான் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தாள். ஸ்ரீப்ரியா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் வேணும்டீ. வரயா, வரலையான்னு. இனிமேலும் நீட்டித் தர மாட்டோம்னு மேல சொல்லிட்டா. உன் எடத்துக்கு ஒருத்தியைப் பாத்து வச்சிருக்கா."

"தெரியும்க்கா."

"சரி, இதைக் கொஞ்சம் பாரு, மனசு மாறும். ஒரே ஆசாமி மூணு பேர்ல எழுதியிருக்கான். அரை மணிக்கு ஒண்ணு, மணியடிச்சாப்ல. ஒரு எழுத்து மாத்தலை. உள்ளத எழுதறவாளுக்கு இவ்வளவு நேரங்காலம் எங்க வாய்க்கும்?"

பிரிஸில்லா பார்த்தாள். சிரிக்கக்கூட வாயைத் திறந்தாள்.

பிறகு தன் போனை மெல்லத் திருப்பினாள்.

அரை மணிக்கு ஒன்று. ஒரு எழுத்து மாறவில்லை.

ஐந்து மாதமாக மாமியார் பதிந்ததையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். கண்ணாடி போட மறந்து, குளித்ததைப் பால் குடித்ததாகப் பதிவார். காலையில் நடந்ததை மத்தியானம் சோறு உண்ட பிறகு பதிவார். குறிப்பு எழுதும் இடத்தில் 'சிரிச்சா', 'காக்காயைப் பாத்தா', 'அப்பனுக்க மூக்கு' என்று எழுதி வைப்பார். 'அம்மா, அது டேட்டா இல்ல' என்று சொல்லிச் சொல்லி ஆன்சன் ஓய்ந்துவிட்டான். இன்றைக்கு ஒரு குறிப்பும் இல்லை. ஒரு பிசகும் இல்லை.

பாட்டிலை மறுத்து வில்லாக வளைகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, மணியடித்ததைப் போல யாரால் பதிய முடியும்? குழந்தைக்கு விக்கல் எடுத்தாலே போனில் விளிக்கிற மாமி, மகன் வேண்டாம் என்றான் என்பதற்காக இவ்வளவு நேரம் அடங்கி இருப்பாரா?

"அக்கா, நான் போறேன்."

"போடீ. ஆனா பதில்..."

"சாயங்காலத்துக்குள்ள."

ஆட்டோ பைபாஸ் மேம்பாலத்துக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் இரண்டு பஸ், பக்கத்தில் ஹார்னை விடாமல் அமுக்குகிற கார். பாலத்தின் தூண்களுக்கு நடுவே புகை நகராமல் நின்றது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டு வைத்தார். ஃபிளாட்டின் தண்ணீர்த் தொட்டி அங்கிருந்தே தெரிந்தது. காசைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஓடினாள்.

கதவைத் தன் சாவியால் திறந்தாள். அழுகைச் சத்தம் இல்லை.

ஹாலில் விரித்த பாயில் குழந்தை இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் பால் காய்ந்து ஒரு வெள்ளைக் கோடு. அடுக்களையில் இரண்டு பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

சுசீலாபாய் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்.

"மாமி."

"பன்னெண்டு ஆவல்லியே" என்றார் திரும்பாமல்.

"கொச்சு எவ்வளவு குடிச்சா?"

"ஆப்பில போட்டிருக்கேனே."

"அதை நான் பாத்தாச்சு. உங்க கையில இருந்து எவ்வளவு குடிச்சா?"

கீழே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் பீப் பீப் சத்தம் கேட்டது. சுசீலாபாய் எட்டி அதைப் பார்த்தார்.

"ரெண்டு குப்பி" என்றார். "முதல்ல என்னையே பாத்தா. பின்ன ஒரே இழுப்பா வலிச்சுக் குடிச்சா. நடுவில நிறுத்தி ஒரு சிரிப்பு வேற. எனக்கு சந்தோஷம் தாங்கல்ல பிள்ளே. பச்சையை அமுக்கலாமிண்ணுதான் போனை எடுத்தேன். கை போகல்ல."

"ஏன் மாமி? நான் உங்களுக்கு என்ன செய்தேன்?"

தூங்கும் குழந்தைக்காகக் குரலை அடக்கிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் செய்யல்ல. பச்சையை அமுக்கினா நீ வேலைக்குப் போவ. நான் இஞ்ச நிப்பேன். அவ ஸ்கூலுக்குப் போறது வரை. பின்ன ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்க ஒரு ஆளு வேணும். பின்ன ரெண்டாவது பிள்ளை." சுசீலாபாய் இப்போது திரும்பினார். "ஞாயிறு சர்ச்சுக்குப் போற அண்ணைக்குத்தான் நான் மண்ணில கால் வைக்கேன். அந்த லிஃப்டுப் பெட்டியில தனியா ஏற எனக்குப் பேடி. அங்க உங்க மாமன் மூணு நேரமும் கடையில புரோட்டா தின்னு வயித்தைக் கெடுத்து வச்சிருக்காரு. நிங்க ரெண்டுபேரும் அண்ணைக்கு விடியும் வரை அடிபிடி கூடினீங்களே, ஆராவது எனக்கிட்ட ஒரு வாக்கு கேட்டீங்களா? அம்மா, நீ நிப்பியா எண்ணு?"

வியாழக்கிழமை தான் பேசியது பிரிஸில்லாவுக்கு நினைவு வந்தது. 'மாமிதான் இருக்காங்கல்லா.' தன் பக்கத்து நியாயமாக அதை எத்தனை தடவை சொன்னாள்! வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது என்று சொல்வதைப் போல.

"மவனுக்கிட்ட மாட்டேன் எண்ணு பறைய எனக்கு நாக்கு பொங்காது. அதான் மஞ்சளை அமுக்கினேன். எனக்க வழியைத் திறக்க உனக்க வழியை அடைச்சுப் போட்டேன்."

"எனக்க வேலை மாமி அது." பிரிஸில்லா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "ஒரு பொத்தான்ல முடிச்சிட்டீங்களே."

போன் அதிர்ந்தது. ஆன்சன். 'மெயில் போட்டாச்சா? செயின் இப்ப சரியாகும்.'

அவனுக்கு இப்போதே எழுதலாம். 'உங்கள் அம்மா பொய்யாகப் பதிந்துவிட்டார்கள்.' அவ்வளவுதான். எழுதினாள். படித்துப் பார்த்தாள். அம்மாவைக் கிழித்துத் தன் வேலையை ஒட்டவைப்பதைப் போல இருந்தது. அழித்தாள்.

பிள்ளை ஆப்பில் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் திருத்த முடியாது. பதிந்தவரே திருத்தினாலும் எல்லார் போனிலும் அது தெரியும். குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு இருக்காது என்று நிறையப் பேர் பரிந்துரைத்த வசதி. ஆன்சன் அந்த ஆப்பை எடுத்ததே அதற்காகத்தான்.

"நான் சொல்ல மாட்டேன் மாமி" என்றாள். "வேணும்ண்ணா நிங்க திருத்துங்க. வேண்டாம்ண்ணா விடுங்க. எனக்கு உங்க மேல கோபம், தேஷ்யம் எல்லாம் இருக்கு. நிறைய இருக்கு. ஆனா நான் சொல்ல மாட்டேன்."

சுசீலாபாய் உள்ளே போய் மூக்குக் கண்ணாடியோடு வந்து, மருமகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, எறும்பை நசுக்குவதைப் போல ஒவ்வொன்றாக அமுக்கினார்.

பிரிஸில்லாவின் போனில் முதல் மஞ்சள் பச்சையானது. இரண்டாவதும் பச்சையானது. மூன்றாவது தடவை அவர் கொடுக்கவே இல்லை, அதை அழித்துவிட்டார். காக்காயைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் எழுதி வைக்கும் குறிப்பு இடத்தில், உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டி எழுதினார்:

'குடிச்சா. நான் பொய் போட்டேன். எனக்கு வீட்டுக்குப் போகணும்.'

கீழே ஒரு சின்ன எழுத்து தோன்றியது. 'ஆன்சன் பார்த்தார்.'

இருவரும் போன்களை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை. பிரிஸில்லா சைக்கிள் ஆப்பைத் திறந்தாள். கல்லாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி அசையாமல் நின்றது. நெடுநேரம் நின்றது.

பிறகு நகர்ந்தது. மேல்நோக்கி.

"ஏறுதானா?" என்றார் சுசீலாபாய்.

"ஏறுறாரு."

வளைவுகளுக்குள் போன புள்ளி மங்கி மறைந்தது. அங்கே ரேஞ்ச் இல்லை.

மணி அடித்தது சுசீலாபாயின் போன். பாறசாலையிலிருந்து தங்கப்பன். அவர் போனில் பேசினால் ஸ்பீக்கர் போட வேண்டியதே இல்லை.

"எடி சுசீலே, நீ என்ன காணிச்சு வச்ச? மவன் கல்லாத்தில இருந்து விளிச்சான். ஆப்புங்கான், பொய்யுங்கான். எனக்கு ஒரு எழவும் மனசிலாவல்ல. அம்மையைக் கூட்டிட்டுப் போங்க, இனி பிரிஸில்லா வேலையை விட்டுட்டு பிள்ளையை நோக்கிக்கிடுவா எண்ணான். நான் மூணு மணி பஸ்ஸுக்கு வாறேன். பையைக் கெட்டி வை."

பிரிஸில்லா குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் விழுந்தபோது அவள் வேலையை விட வேண்டும். பச்சை விழுந்தாலும் விட வேண்டும். எந்தப் புள்ளி விழுந்தாலும் வருகிற விடை ஒன்றுதான் என்றால், காலையிலிருந்து எதற்கு இந்தச் சோதனை? யாருக்கு?

சுசீலாபாய் தன் பையைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அது அலமாரிக்குள் போகாமல் கட்டிலுக்கடியில் தயாராகவே இருந்தது. ஐந்து மாதமாக அவர் கேட்காமல் கேட்டது இப்போது தானாக வந்து நிற்கிறது. மூன்று மணி பஸ். ராத்திரிக்குள் சொந்த முற்றம்.

மருமகளைப் பார்த்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை போலிருக்கிறது.

"வாங்க" என்றார் போனில். "ஆனா பையை நான் இஞ்ச கெட்டல்ல. நிங்க அங்க கெட்டுங்க."

"என்னத்துக்கு?"

"நிங்களுக்க பை. ரெண்டு கைலி, பிரஷர் குளிகை, கண்ணாடி. பிள்ளைக்குக் குப்பி பிடிக்க நிங்களுக்கும் ரெண்டு கை உண்டும்லா? ஒரு வாரம் நான் அங்க, நிங்க இஞ்ச. அடுத்த வாரம் மாறிக்கிடுவோம்."

"நானா? பிள்ளை நோக்கவா? எடி, உனக்கு என்ன பிராந்தா? ஆட்டை ஆரு நோக்குவா?"

"உங்க மவனுக்கிட்ட பறையுங்க. ஆட்டுக்கும் ஒரு ஆப் எடுத்துத் தருவான்."

தங்கப்பன் போனை வைத்துவிட்டார். வருவாரா, மாட்டாரா, எந்தப் பையோடு வருவார், ஒன்றும் தெரியவில்லை.

பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் போய் அது அழுகையாக முடிந்தது. சுசீலாபாய் சேலைத் தலைப்பை நீட்டினார். அவள் வாங்கவில்லை. தன் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் தீரவில்லை.

போனை எடுத்து ஸ்ரீப்ரியாவுக்கு ஒரு வரி எழுதினாள். 'திங்கட்கிழமை வருகிறேன்.' யாரை நம்பி என்று அவளுக்கே தெரியாது. விரல் திரைக்கு மேலே நின்றது.

"அனுப்பு பிள்ளே" என்றார் மாமியார்.

அனுப்பினாள்.

சைக்கிள் ஆப்பில் நீலப் புள்ளி மறுபடியும் தெரிந்தது. பொன்முடியில் அல்ல. மலையில் பாதிகூட ஏறியிருக்க முடியாது, அதற்குள் கல்லாற்றுப் பாலத்துக்கே வந்திருந்தது. நிற்காமல் பாலத்தைக் கடந்து நெடுமங்காட்டுச் சாலையில் இறங்கியது.

"வாறாரு மாமி. தனியா வாறாரு."

"தேஷ்யத்திலயா?"

"அதை இது காட்டாது."

சுசீலாபாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுக்களைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மூணாவது குப்பி இருக்கு" என்றார். "அதை நீ தொடாத. நானும் தொட மாட்டேன். அவன் வரட்டும்."